மாதிரிப் பாப்பா

என் மகளின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாற்பது தாய்மார்களுக்கு இரத்தசோகையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அவள் உடம்பில் இரத்தம் வற்றிக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தது நான் இல்லை. நான் இமையைப் பிடித்திருந்தேனே தவிர, பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த முகங்களை.

உங்கள் குழந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஏதோ ஓர் எண்ணுக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. முகப்பேரில் மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அடுத்தவர் விட்ட தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வீட்டுக்காரரைக் கேட்டால் 'கொஞ்சமா?' என்பார்.

எங்கள் குடியிருப்பில் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குத்தம்பாக்கம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற சிற்றூர்களுக்குப் போவோம். ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எடை, உயரம், கைச்சுற்றளவு பார்ப்பது, பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுப்பது, தாய்மார்களுக்கு நாலு விஷயம் சொல்வது. ஒரு குழந்தை மருத்துவர் வருவார். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. இரண்டு நர்சிங் மாணவிகள், நாங்கள் ஐந்தாறு பேர். அங்கன்வாடி வாசலில் நீலத் தார்ப்பாயைக் கட்டி நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் முகாம் தயார்.

முதல் முகாமில் ஒரு குழந்தை டாக்டரம்மாவைப் பார்த்ததும் வீறிட்டது. ஒன்று அழுதால் போதாதா? வரிசை முழுக்க அழுகை. வீட்டில் விட ஆளில்லாமல் என் மகள் மகிழினியையும் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது நாலு வயது. டாக்டரம்மா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், கடைசியில் ஒரு பிஸ்கட் கொடுத்தார். மகி சிரித்தாள். மற்ற பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடங்கினார்கள்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மகி நாற்காலியில் ஏறுவாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மாதிரிப் பாப்பா. அவளுக்கு அதில் ஏகப் பெருமை. சனிக்கிழமையே எந்தச் சட்டை என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்கு எல்லாச் சோதனையும் நடக்கும், ஒன்றும் நிஜமாக நடக்காது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் இருக்கும். அதன் மறுமுனை டாக்டரம்மாவின் காதில் இருக்காது, கழுத்தில் தொங்கும். கை நாடாவைச் சுற்றி, எண்ணைப் பார்க்காமலே உருவிவிடுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டை எழுதுவது என் வேலை. என் கையால் நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். பதினோரு முகாம்களில் முதல் ஆளாகச் சோதிக்கப்பட்ட என் மகளுக்கு ஓர் அட்டைகூட இல்லை.

அந்தப் பன்னிரண்டாவது முகாமுக்கு முந்தைய பத்து நாட்களை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். சளியும் காய்ச்சலும் வந்து போயிருந்தன. மாடிப்படியில் பாதியிலேயே நின்று, "அம்மா, தூக்கு" என்றாள். அஞ்சு வயசு ஆச்சு, சோம்பேறி, நடடி என்றேன். பள்ளியில் மேசை மேல் தலை சாய்த்துக்கொள்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. தண்ணீர் குடிக்காததற்கு இரண்டு திட்டு திட்டினேன். பிழை தேடுகிறவளின் வீட்டில், வரிசையாக வந்து நின்ற பிழைகள் இவை.

ஞாயிறன்று பிஸ்கட்டை வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. நான் அவள் பின்னால் நின்று வழக்கம்போல இமையைக் கீழே இழுத்தேன். "இப்படி இழுத்துப் பாருங்க. உள்ளே மாதுளை முத்து மாதிரி செவப்பா இருந்தா நல்லது. வெளுத்திருந்தா எங்ககிட்ட வாங்க" என்றேன். எத்தனையாவது தடவையோ.

முன்வரிசையில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். செங்கல் சூளையில் கல் அறுக்கிற பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். இரண்டு வயது மகன் மடியில். நாலு மாதம் முன்பு அவனுக்கு இமை வெளுத்திருக்கிறது என்று மருந்து கொடுத்திருந்தோம்.

"மேடம், இது செவப்பா இல்லியே" என்றாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மேல நீலத் தார்ப்பாய் இருக்கில்லம்மா, அந்த வெளிச்சத்துல அப்படித் தெரியுது."

"எம்புள்ளைக்கும் இதே தார்ப்பாயிலதான பாத்தீங்க? அப்போ மட்டும் வெளுப்புன்னு கரெக்டா சொன்னீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது; அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேர் முன்னால், நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாளே என்ற கோபம். ரேவதி அதையெல்லாம் பார்க்கவில்லை. மகனைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள், மகியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு வெளியே வெயிலுக்குப் போனாள். இமையை இழுத்தாள்.

"இங்க வந்து பாருங்க மேடம். நாலு மாசமா டெய்லி பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? வெள்ள வெளேர்னு கீது. முழி வேற மஞ்சளா கீது."

பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. வெள்ளைப்பூண்டுத் தோலின் நிறம்.

டாக்டரம்மா ஓடி வந்தார். முதல்முறையாக ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு மகியின் நெஞ்சில் வைத்தார். வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்தினார். மண்ணீரல் (பழைய இரத்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு) வீங்கியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "உடனே கிளம்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடறேன்."

"நாளைக்குக் காலையில போகலாமா டாக்டர்? இவங்க அப்பாவும் லீவு போடு..."

"இப்பவே போங்க."

கார் என்னுடையது, ஓட்டியதும் நான்தான். பின்சீட்டில் மகியை மடியில் போட்டுக்கொண்டு ரேவதி உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாக ஏறினாள். திருமழிசை தாண்டி, பூந்தமல்லி நெரிசலில் மாட்டி, காட்டுப்பாக்கம் வரும்வரை நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "தூங்கறாளா? மூச்சு இருக்கா?" ரேவதி ஒவ்வொரு தடவையும் சலிக்காமல், "கீது மேடம், நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள்.

அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்தார்கள். அரைமணி நேரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் தாளோடு வந்தார். ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமந்து போகும் பொருள்) நாலு புள்ளி இரண்டு. பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது. அந்த எண்ணுக்கு அடியில் அவர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்ப செக் பண்ணீங்க? பழைய எடை, ஹீமோகுளோபின், ஏதாவது கார்டு இருக்கா?"

இல்லை என்றேன். என் கைப்பையில் எழுதாத அட்டைகள் ஒரு கட்டு இருந்தன.

"பிளட் கேன்சரா டாக்டர்?" என்று கேட்டேன். யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் அது போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

"அதையும் பாக்கணும்மா" என்றார். அந்தச் சொல் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கணவர் கார்த்தி அம்பத்தூரிலிருந்து பதறியடித்து வந்து சேர்ந்தபோதுதான் சுற்றிப் பார்த்தேன். ரேவதியைக் காணோம். மகியின் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டுப் பஸ்சுக்குப் போயிருந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை குழந்தைகளுக்கான இரத்தநோய் மருத்துவர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்ததில் புற்றுநோய் அணு எதுவும் தென்படவில்லை என்றார். கார்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கூம்ப்ஸ் பரிசோதனையில் (சிவப்பணுக்கள் மேல் நம் உடம்பே எதிர்ப்பொருளை ஒட்டிவைத்திருக்கிறதா என்று பார்ப்பது) ஆம் என்று வந்திருந்தது. நோயின் பெயர் தன்னெதிர்ப்பு இரத்தசோகை. காய்ச்சலோடு சண்டை போடக் கிளம்பிய காவல்படை, சொந்தச் சிவப்பணுக்களையே எதிரி என்று நினைத்து உடைத்துக்கொண்டிருக்கிறது. உடைந்த கழிவுதான் கண்ணில் மஞ்சள், சிறுநீரில் கடுங்காப்பி.

"புற்றுநோய் இல்லன்னா பயமில்லைதானே சார்?" என்று கார்த்தி கேட்டார்.

"மருந்து கேக்கற நோய்தான். ஆனா மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் அணு உடைஞ்சுகிட்டேதான் இருக்கும்."

அன்று பகல் எண் மூன்று புள்ளி எட்டுக்கு இறங்கியது. இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பொருத்தப் பரிசோதனையில் (ஏற்றப்போகிற இரத்தம் குழந்தையின் இரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) முதல் பை ஒத்துவரவில்லை. இரண்டாவதும் இல்லை. ஆறு பை பார்த்தார்கள். என் இரத்தம், கார்த்தியின் இரத்தம் எதுவும் ஆகாது. தன் இரத்தத்தையே ஏற்காத உடம்பு யாருடையதை ஏற்கும்?

இந்த நோயில் இது நடக்கக்கூடியதுதான். உங்களுக்கும் நடந்தால் அப்போது நினைவு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்போது தெரியாது. உலகத்தில் என் பிள்ளைக்கு ஒரு பை இரத்தம் கிடையாது என்றுதான் காதில் விழுந்தது.

மருத்துவர் என்னை உட்காரச் சொன்னார். "முழுசா ஒத்துப்போற பை கிடைக்காதும்மா. இருக்கறதுலயே குறைவா மோதற பையை எடுத்து, மெதுவா, கொஞ்சமா ஏத்தப் போறோம். முதல் கால்மணி நேரம் நானே பக்கத்துல இருப்பேன்."

"மோதினா?"

"நிறுத்திடுவோம்."

நிறுத்திவிட்டு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். நான் சொட்டுகளைப் பார்த்தேன், மகியின் முகத்தைப் பார்த்தேன், மறுபடி சொட்டுகளை. ஒவ்வொரு சொட்டும் விழும்போது இதுதான் அது என்று தோன்றியது. குளிர் நடுக்கம் வரலாம், முதுகு வலிக்கலாம், சொல்லச் சொல்லுங்கள் என்றிருந்தார்கள். மகி ஒரு தடவை நெளிந்தாள். "முதுகு சொறியுது, சொறிஞ்சு விடு" என்றாள். வெறும் அரிப்பு. மருத்துவர் உடம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பை முடிந்தபோது மணி ஆறு. நான்கு மணி நேரத்தை அப்படி ஒவ்வொரு நொடியாக நான் வாழ்ந்ததே இல்லை.

மறுநாள் ஐந்து புள்ளி மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து புள்ளி ஒன்று. அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு ஸ்டீராய்டு (காவல்படையை அடக்கி வைக்கும் மருந்து) பிடித்துக்கொண்டது. ஆறு, ஆறே முக்கால், எட்டு. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊரிலிருந்து மாமியார் போனில், "நாப்பது பேருக்கு முன்னால பிள்ளைய உக்கார வச்சா கண்ணு படாம என்ன செய்யும்?" என்று அழுதார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். அன்று, "ஆமா அத்தை, ஒருத்தி கண்ணு பட்டுச்சு, அதான் பிழைச்சா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பூசணிக்காய் சுற்றச் சொன்னார், சுற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் நோய் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டில் மகியின் கன்னம் இரண்டும் பூரியாக உப்பின. காலையில் ஏழு இட்லி தின்றுவிட்டு எட்டாவதுக்கு அழுதாள். கண்ணாடி முன் நின்று, "இது நான் இல்ல" என்றாள். கூட்டத்துக்கு அனுப்பக் கூடாது, சளி பிடித்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வாரக்கணக்கில் கால் கால் மாத்திரையாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு குறைப்பும் எனக்கு ஒரு பரீட்சை நாள்.

நான் இன்னொரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். இமையைப் பார்ப்பது. காலையில், சாப்பிடும்போது, அவள் வரைந்துகொண்டிருக்கும்போது, ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை. செக்கச்செவேலென்று இருந்தது. பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "இது இரத்தம் ஊறின செவப்பு இல்லம்மா. நீங்க இழுத்து இழுத்துப் புண்ணாக்கின செவப்பு" என்றார். அன்று எண் உண்மையில் குறைந்திருந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே, ஒரு நாளைக்கு ஒரு தடவை. காலையில், ஜன்னல் வெளிச்சத்தில். மின்விளக்கில் வேண்டாம், வண்ணத் திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். அதற்கு மேல் பார்ப்பது பிள்ளைக்காக இல்லை, நம் பயத்துக்காக.

மூன்றாவது மாதம் சாதாரணச் சளி ஒன்று வந்தது. இரண்டாம் நாள் காலை குளியலறையிலிருந்து மகி கூப்பிட்டாள். "அம்மா, காப்பி வந்திருக்கு." அவள் குரலில் பயமே இல்லை, சொல்லச் சொன்னதைச் சொன்ன திருப்தி இருந்தது. மறுபடி மருத்துவமனை, மறுபடி ஏழுக்குக் கீழே, மருந்து மறுபடி முதல் படியிலிருந்து. ஆனால் இந்த முறை நிறம் மாறிய முதல் நாளே போய்விட்டோம், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் நான் வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லா நாளும் எழுதியிருந்தது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பது எங்கள் முகாம் அட்டை. பெயர் மகிழினி, வயது ஐந்து. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் நானே எழுதியது.

எட்டு மாதம் கழித்து, மருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரைக்கு வந்த பிறகு, மருத்துவர் அனுமதித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மகியை மறுபடி அந்த ஊருக்குக் கூட்டிப் போனேன். முகக்கவசம் போட்டு, கூட்டத்திலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தேன். மாதிரிப் பாப்பா வழக்கத்தை டாக்டரம்மா நிறுத்தியிருந்தார். அவருக்கும் அந்தப் பதினோரு முகாம்கள் உறுத்தல்தான், சொன்னார். இப்போது ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையை வெயிலில் நிறுத்தித் தானே இமையைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் வரிசை.

ரேவதி கையைக் கழுவிவிட்டு எங்களை நோக்கி வந்தாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. மகிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"பாக்கட்டா கண்ணு?"

மகி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். ரேவதி இமையை இழுத்தாள். அன்று காலை ஜன்னலில் நானே பார்த்தாகிவிட்டது, நோட்டில் எழுதியும் ஆகிவிட்டது. இருந்தும் ரேவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டை எழுதுகிற மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, யாரோ சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் எந்தத் தாயிடமும் கேட்டதில்லை. அவள் ஒரு கண்ணைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், அவசரப்படவில்லை.

"இன்னைக்கு செவப்பா கீதுக்கா" என்றாள்.

நான் அழுதேன். அன்றைக்கு உன்னைத் தேடாமல் இருந்துவிட்டேன், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றேன். "அதுக்கு இன்னாக்கா, நீங்களே நிதானத்துல இல்ல" என்றாள் ரேவதி. பிறகு தன் மகனைத் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தினாள். "இவனுக்கு நீங்க பாருங்க. நா காலீல பாத்துட்டேன். எதுக்கும் நீங்க ஒருக்கா பாருங்க."

முன்பெல்லாம் அடுத்த வருடப் பள்ளி, அதற்கடுத்த வருடக் கோடை விடுமுறை என்று நீளமாக நாட்களை வைத்திருந்தேன். இப்போது என்னிடம் இருப்பது ஒரு காலையிலிருந்து அடுத்த காலை வரைக்குமான நாள்தான். ரேவதியிடம் இருந்ததும் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பையனை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தினேன். யார் முகத்தையும் பார்க்காமல், இமையை மட்டும் பார்த்தேன்.

"இன்னைக்கு செவப்பா இருக்கு ரேவதி" என்றேன்.